லூபஸ் தணிந்தாலும் அசதி ஏன் தணிவதில்லை?

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக மருத்துவமனையிலிருந்து 2022-இல் ஒரு செய்தி வந்தது. நோயெதிர்ப்பு மண்டலமே உடலைத் தாக்கும் நோய் லூபஸ். எந்த மருந்துக்கும் மசியாத கடுமையான லூபஸ் கொண்ட ஐந்து பேருக்குக் கார்-டி சிகிச்சை தரப்பட்டது. அவர்களுடைய நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்களையே வெளியே எடுத்து, ஆய்வகத்தில் மரபணு மாற்றம் செய்து, மீண்டும் உடலுக்குள் செலுத்தும் முறை அது. ஐவருக்கும் நோய் தணிந்தது. 2024-இல் அதே குழு எட்டு லூபஸ் நோயாளிகளிடம் இதே போன்ற பலனைக் கண்டதாக வெளியிட்டது. அதன் பிறகு லூபஸுக்கு நிரந்தரத் தீர்வு நெருங்கிவிட்டது என்ற தொனியில் செய்திகள் தொடர்ந்து வருகின்றன.

இந்தச் செய்திகளைப் படிக்கும் நோயாளிகள் பலருக்கு வேறு ஒரு குழப்பம் இருக்கிறது. வழக்கமான மாத்திரைகளிலேயே அவர்களுடைய நோய் கட்டுக்குள் வந்துவிட்டது. சிறுநீரில் புரதம் இல்லை, மூட்டு வீங்கவில்லை, ரத்தப் பரிசோதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மருத்துவர் திருப்தியோடு மூன்று மாதம் கழித்து வரச் சொல்கிறார். ஆனால் காலையில் குளித்துவிட்டுத் தலை துவட்டி முடிப்பதற்குள் கை ஓய்ந்துபோகிறது. நோய் தணிந்துவிட்டது என்றால், இது என்ன?

பதிலின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். 'நோய் தணிந்தது' என்று மருத்துவம் அறிவிக்கும் கணக்கில் அசதிக்கு இடமே கிடையாது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, அதில் சேராத அசதி எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன செய்ய முடியும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## நோயின் அடிப்படை

ரிப்போர்ட்டுகளில் எஸ்.எல்.இ. என்று இருப்பது சிஸ்டமிக் லூபஸ் எரித்தமடோசஸ் என்பதன் சுருக்கம். கிருமிகளைத் தாக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலம், உடலின் சொந்த செல்களுக்குள் இருக்கும் டிஎன்ஏ போன்ற பொருள்களுக்கு எதிராகவே ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குகிறது. அவை தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்த அணுக்கள், நுரையீரலின் உறை, மூளை என்று எங்கு வேண்டுமானாலும் அழற்சியைக் கிளப்பலாம். அழற்சி என்பது திசு சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கும் நிலை. கிருமி நுழைந்தால் அது தற்காப்பு; கிருமியே இல்லாமல் நடந்தால் உறுப்புச் சேதம்.

பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் 15 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் நோய் தொடங்குகிறது. படிப்பு, வேலை, திருமணம், பிள்ளைப்பேறு எல்லாம் வந்து குவியும் வயது அது.

உலகில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 44 பேருக்கு லூபஸ் இருப்பதாக 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது. மொத்தம் சுமார் 34 லட்சம் பேர். இந்தியாவுக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் எண், டெல்லி அருகே நடந்த கணக்கெடுப்பிலிருந்து 1993-இல் வெளியானது: லட்சத்துக்கு 3.2. முப்பது ஆண்டுக்கு முந்தைய, ஒரே வட்டாரத்து எண்ணை நாடு முழுவதற்கும் பொருத்துவது சரியல்ல என்பதே என் கருத்து. லூபஸைக் கண்டறிய உதவும் ஏஎன்ஏ ரத்தப் பரிசோதனை எளிதில் கிடைக்காத காலத்தில் எத்தனை பேருக்கு நோய் கண்டுபிடிக்கப்படாமல் போயிருக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

## இது எப்படிப்பட்ட அசதி?

லூபஸ் உள்ளவர்களில் 50 முதல் 90 சதவீதம் பேர் அசதியைச் சொல்கிறார்கள். ஆய்வுக்கு ஆய்வு எண் மாறுகிறது. தங்களை மிகவும் வாட்டும் தொல்லை எது என்று கேட்டால், சிறுநீரகத்தையோ தோல் தடிப்பையோ விட்டுவிட்டு இதையே முதலில் சொல்பவர்கள் பலர்.

நாள் முழுக்க வேலை செய்தவருக்கு வரும் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். லூபஸ் அசதிக்கும் செய்த வேலைக்கும் விகிதம் பொருந்தாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் உடம்பு தூங்கியதாகவே தெரியாது. நேற்றுச் செய்த அதே வேலையை இன்று செய்ய முடியாமல் போகும், காரணமும் புரியாது. கூடவே மந்தம் சேரும்: படித்த பத்தியையே மறுபடி படிப்பது, அடுப்பில் எதை வைத்தோம் என்பது மறந்துபோவது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் கிடைக்காமல் தடுமாறுவது.

வெளியே எதுவும் தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். கன்னத்தில் தடிப்பு இருந்தால் வீட்டார் பார்த்துப் பதறுவார்கள். அசதிக்குச் சாட்சி கிடையாது. 'சோம்பேறித்தனம்' என்ற பட்டம் மாமியார் வீட்டிலும் கிடைக்கும், அலுவலகத்திலும் கிடைக்கும். சில நேரம் மருத்துவமனையிலும் கிடைக்கும்.

## இரண்டு அளவுகோல்கள்

குழப்பத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

நோயின் தீவிரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் கருவி ஸ்லீடாய். கனடாவின் டொரன்டோவில் உருவாகி 1992-இல் வெளியானது. அதில் 24 இனங்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. வலிப்பு வந்திருந்தால் 8, மூட்டழற்சிக்கு 4, சிறுநீரில் புரதத்துக்கு 4, புதிய தோல் தடிப்புக்கு 2, காய்ச்சலுக்கு 1. எல்லாவற்றையும் கூட்டினால் அதிகபட்சம் 105. அசதிக்கு எத்தனை? அந்தப் பட்டியலிலேயே அது இல்லை.

'நோய்த் தணிவு' என்பதற்கு 2021-இல் வகுக்கப்பட்ட சர்வதேச வரையறையும் இதன் மேல்தான் நிற்கிறது. ரத்தப் பரிசோதனை சார்ந்த இனங்களை விட்டுவிட்டு மற்றவற்றில் ஸ்லீடாய் மதிப்பெண் பூஜ்யமாக இருக்க வேண்டும். மருத்துவர் தரும் பொது மதிப்பீடு 0.5-க்குக் கீழே இருக்க வேண்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நாளொன்றுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மூன்றும் நிறைவேறினால் நோய் தணிந்தது என்று பொருள். நோயாளியிடம் கேட்டு நிரப்ப வேண்டிய கட்டம் இதில் ஒன்றுகூட இல்லை. ஒருவருக்கு லூபஸ்தானா என்று வகைப்படுத்த 2019-இல் ஐரோப்பிய, அமெரிக்கச் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட விதிகளிலும் பொது அறிகுறி என்று இடம்பெறுவது காய்ச்சல் ஒன்றுதான்.

இதை மருத்துவர்களின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. அசதி நூறு நோய்களில் வரும். லூபஸை மற்ற நோய்களிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவாது. மேலும், ஸ்டீராய்டைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க மருத்துவருக்கு உறுப்பு அழற்சியின் அளவு தனியாகத் தெரிய வேண்டும். தீ அணைந்துவிட்டதா என்று பார்க்கிறார் தீயணைப்பு வீரர். வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்கிறதா என்று பார்ப்பது வேறொருவர் வேலை. அந்த வேறொருவர் பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லை என்பதுதான் குறை.

இரண்டாவது அளவுகோல் இல்லாமலும் இல்லை. 1989-இல் அமெரிக்காவில் 'அசதித் தீவிர அளவை' என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் வெளியானது. ஒவ்வொரு கேள்விக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சராசரி 4-ஐத் தொட்டால் பொருட்படுத்த வேண்டிய அசதி என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அதை முதலில் சோதித்துப் பார்த்ததே மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயாளிகளிடமும் லூபஸ் நோயாளிகளிடமும்தான். நலமாக இருந்தவர்களின் சராசரி 2.3; லூபஸ் உள்ளவர்களுக்கு 4.7; நரம்பு உறையே அழியும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸில் 4.8. லூபஸ் அசதி எந்தத் தரத்தைச் சேர்ந்தது என்பதற்கு இந்த மூன்று எண்கள் போதும்.

இரு அளவுகோல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகள் பலவற்றில் இரண்டுக்கும் உள்ள தொடர்பு பலவீனமாகவே தெரிகிறது. ஸ்லீடாய் பூஜ்யமாக இருப்பவர் படுக்கையைவிட்டு எழ முடியாமல் இருக்கலாம். சிறுநீரகத்தில் தீவிர அழற்சி உள்ளவர் ஒன்றும் தெரியாமல் நடமாடலாம். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் இதனால்தான் அறிகுறிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சிறுநீரக பாதிப்பு, மூட்டு வீக்கம், தடிப்பு ஆகியவை முதல் வகை. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துக்கு அவை கட்டுப்படும். அசதி, உடல் முழுவதும் வலி, தூக்கக் கேடு, மனச்சோர்வு, மந்தம் ஆகியவை இரண்டாம் வகை. அந்த மருந்துகள் மட்டும் அவற்றுக்குப் போதாது. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம்.

## அசதி எங்கிருந்து வருகிறது?

ஒரே காரணத்தைத் தேடினால் கிடைக்காது. பெரும்பாலான நோயாளிகளிடம் கீழே உள்ளவற்றில் இரண்டு மூன்றாவது சேர்ந்தே இருக்கும்.

1. நோயே தரும் அசதி. நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்கள் சைட்டோகைன்கள். காய்ச்சலின்போது படுத்துக்கொள்ளத் தோன்றுவதும், சாப்பாடு பிடிக்காமல் போவதும், யாரும் பேசாமல் இருந்தால் தேவலை என்று படுவதும் இவை மூளையில் செய்யும் வேலை. லூபஸில் முக்கியமான சைட்டோகைன் இன்டர்ஃபெரான். நோயாளிகள் பலரின் ரத்தத்தில் அதன் தடயம் அழுத்தமாக இருப்பதை 2003-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இன்டர்ஃபெரான் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு வேறொரு நோயிலிருந்து நேரடிச் சான்று உண்டு. ஹெபடைட்டிஸ் சி-க்கு முன்பெல்லாம் இன்டர்ஃபெரானையே ஊசியாகப் போட்டார்கள். கடும் அசதியும் மனச்சோர்வும் அதன் பிரபலமான பக்க விளைவுகள். சிலர் அதனாலேயே சிகிச்சையைப் பாதியில் விட்டார்கள்.

2. ரத்தசோகை. தமிழ்நாட்டு வாசகர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 15–49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது லூபஸ் வருவதற்கு முன்பே பாதிப் பேருக்கு ஒரு காரணம் தயாராக இருக்கிறது. அதன் மேல் நாள்பட்ட அழற்சியால் வரும் ரத்தசோகை, சிவப்பணுக்களை ஆன்டிபாடிகளே உடைப்பதால் வருவது, சிறுநீரகம் கெட்டதால் வருவது என்று மூன்று வகை சேரலாம். ஒவ்வொன்றுக்கும் மருத்துவம் வேறு. இரும்புச் சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு அழற்சியின்போது தானாகவே உயரும் என்பதால், அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து இரும்பு போதுமென்று முடிவு செய்ய முடியாது.

3. மருந்துகள். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் காலையில் சாப்பிடச் சொல்கிறார்கள். அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் தொடை, இடுப்புத் தசைகள் மெலியும். தரையில் உட்கார்ந்தவர் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, மாடிப்படி மலையாகத் தெரிகிறது என்றால் இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். இன்னொன்று: மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவரின் உடலில், இயற்கையாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்கிறது. மாத்திரையைக் குறைக்கும்போது கடும் அசதி வருவதற்கு இது ஒரு காரணம். தானாகத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

4. தைராய்டு. லூபஸ் உள்ளவர்களுக்குத் தைராய்டுக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. டிஎஸ்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சரியாகும்.

5. தொற்று. நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து எடுப்பவருக்கு அசதியுடன் மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் இருந்தால், லூபஸ் மறுபடி கிளம்பிவிட்டது என்று எண்ணி ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன் காசநோய் இல்லை என்பதை உறுதிசெய்தாக வேண்டும். நம் நாட்டில் இது ஏட்டளவுச் சந்தேகம் கிடையாது.

6. தூக்கம், வலி, மனம். வலியால் தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் அடுத்த நாள் வலி கூடுகிறது, இரண்டும் மனத்தை இறக்குகின்றன. எது முதலில் வந்தது என்று ஆராய்வதில் பயனில்லை. எங்கே பிடித்தாலும் சுற்று கொஞ்சம் தளரும். கணிசமான லூபஸ் நோயாளிகளுக்கு ஃபைப்ரோமயால்ஜியா என்ற பரவலான வலி நோயும் கூடவே இருக்கிறது.

7. உடல் பழக்கம் விட்டுப்போதல். அசதியால் நடக்காமல் இருக்கிறோம். நடக்காததால் தசையும் இதயமும் திறன் இழக்கின்றன. பிறகு சிறு வேலையும் பெரிதாகிவிடுகிறது. லூபஸ் உள்ளவர்களின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன் ஒத்த வயதினரைவிடக் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் அளந்து காட்டியிருக்கின்றன. வெயில் பட்டால் நோய் தூண்டப்படும் என்பதால் வீட்டுக்குள்ளேயே இருப்பதும் இதில் சேர்கிறது. வைட்டமின் டி குறைவதும் அதே காரணத்தால்தான்.

இந்த ஏழில் இரண்டு, நான்கு, ஐந்து ஆகியவை பரிசோதனையில் பிடிபடும், குணமாக்கக் கூடியவை. ஆகவே, அசதியா, லூபஸ் என்றால் அப்படித்தான் என்று விட்டுவிடுவதும் தவறு. எல்லா அசதியையும் லூபஸ் கிளம்பியதாக எண்ணி மருந்தை ஏற்றுவதும் தவறு. இரண்டாவது தவறின் விலை இன்னும் அதிகம்.

## வாழ்க்கைத் தரம் என்று எதை அளக்கிறார்கள்?

மருத்துவ ஆய்வுகளில் 'வாழ்க்கைத் தரம்' என்பது வருமானத்தையோ வசதியையோ குறிக்காது. உடல்நிலை ஒருவரின் அன்றாடத்தை எவ்வளவு கட்டிப்போடுகிறது என்பதை அவரிடமே கேட்டு எண்ணாக்குவது. பிரிட்டனில் லூபஸுக்கென்றே உருவான வினாப்பட்டியல் 2007-இல் வெளிவந்தது. 34 கேள்விகள், எட்டுப் பிரிவுகள்: உடல் நலம், வலி, திட்டமிடல், நெருக்கமான உறவு, பிறருக்குப் பாரமாக இருக்கும் எண்ணம், மனநலம், தன் தோற்றம் பற்றிய எண்ணம், அசதி.

இதில் 'திட்டமிடல்' தனிப் பிரிவாக இருப்பது சரியான இடத்தைத் தொடுகிறது. அடுத்த வாரத் திருமணத்துக்கு வருகிறேன் என்று சொல்ல முடியாமல் போவது, ஒப்புக்கொண்டுவிட்டுக் கடைசி நிமிடத்தில் வரவில்லை என்பது, இரண்டு முறை அப்படி நடந்த பிறகு அழைப்பே வராமல் போவது: அசதி வாழ்க்கையைச் சுருக்குவது பெரும்பாலும் இந்த வழியில்தான். நிலையான குறை என்றால் அதற்கேற்ப வீட்டையும் வேலையையும் மாற்றிக்கொள்ளலாம். நாளுக்கு நாள் மாறும் குறைக்கு எதை மாற்றுவது? 'பாரம்' பிரிவும் அப்படித்தான். நோயாளி தாயாக இருந்தால் அவருக்கு மருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர் இருப்பார். ஆனால் காலைச் சமையலை யாரும் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

## எதற்குப் பலன் இருக்கிறது?

அசதிக்கென்று தனி மாத்திரை கிடையாது. பலன் தருபவை சில இருக்கின்றன.

அடித்தளம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மாத்திரை. தடை ஏதும் இல்லாத எல்லா லூபஸ் நோயாளிகளுக்கும் இதைத் தரச் சொல்கின்றன ஐரோப்பியப் பரிந்துரைகள். எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது இலக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 250 மில்லிகிராம். மெதுவாக, மாதங்கள் கழித்துத்தான் வேலை செய்யும். உடம்பு தேறிவிட்டதென்று நிறுத்துபவர்கள் ஏராளம். நோய் மீண்டும் கிளம்புவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நீண்ட நாள் எடுத்தால் சிலருக்கு விழித்திரை பாதிக்கப்படலாம் என்பதால் விழித்திரைப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

புதிய மருந்துகளில் 2011-இல் அமெரிக்க அனுமதி பெற்ற பெலிமுமாப், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து லூபஸுக்கு வந்த முதல் புது மருந்து. இன்டர்ஃபெரானின் வழியையே அடைக்கும் அனிஃப்ரோலுமாப் 2021-இல் வந்தது. பெலிமுமாபின் பெரிய சோதனைகளில் அசதியும் அளக்கப்பட்டது. அதற்குப் பயன்பட்ட, 0 முதல் 52 வரையான அளவையில் ஏறக்குறைய 4 புள்ளி மாறினால்தான் நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்பது பொது ஒப்புதல். மருந்து பெற்றவர்களுக்கும் வெற்றூசி பெற்றவர்களுக்கும் இடையிலான சராசரி இடைவெளி அதைவிடக் குறைவு. உறுப்புகளைக் காக்க இது நல்ல மருந்துதான். அசதி போய்விடும் என்ற நம்பிக்கையில் மட்டும் அதிக விலை கொடுத்து வாங்குவதற்கு முன் இந்த எண்ணை நினைவில் வைக்கலாம்.

மருந்தல்லாத வழிகளில் வலுவான சான்று உள்ளது உடற்பயிற்சிக்குத்தான். நோயாளிகளுக்கு இது எரிச்சலூட்டும் பதில் என்பது தெரியும். 2003-இல் லண்டன் குழு ஒன்று வெளியிட்ட சோதனையில் 93 பேரை மூன்று பிரிவாக்கினார்கள்: முதல் பிரிவுக்கு நடை, நீச்சல் போன்றவற்றைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சி; இரண்டாவதுக்குத் தளர்வுப் பயிற்சி; மூன்றாவதுக்கு எதுவும் இல்லை. 12 வாரம் கழித்து, நன்றாகத் தேறியிருப்பதாகச் சொன்னவர்கள் முதல் பிரிவில் ஏறக்குறைய பாதிப் பேர். எதுவும் செய்யாத பிரிவில் ஆறில் ஒருவர்தான். பயிற்சியால் நோய் கிளம்பவில்லை. ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்களின் 2023 பரிந்துரைகளும் உடற்பயிற்சியைச் சேர்த்திருக்கின்றன.

'படிப்படியாக' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும் நாளில் ஒரு வாரத் துணியைத் துவைத்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது பொதுவாக எல்லோரும் செய்வது. நல்ல நாளில் கொஞ்சம் குறைத்து, மோசமான நாளிலும் பத்து நிமிடமாவது நடப்பதுதான் உடலைத் தாங்கும் நிலைக்குக் கொண்டுவருகிறது. நம் ஊர் வெயிலில் அந்த நடை விடியலிலோ அந்தி சாய்ந்த பிறகோ இருக்க வேண்டும். நோய் தீவிரமாகக் கிளம்பியிருக்கும்போதும், இதயம், நுரையீரல் பாதிப்பு இருக்கும்போதும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

தூக்க ஒழுங்கு, மனநல ஆலோசனை, மனச்சோர்வு இருந்தால் அதற்கான மருந்து ஆகியவையும் உதவுகின்றன. வைட்டமின் டி குறைவாக இருந்தால் சரிசெய்ய வேண்டும். எலும்புக்கு அது எப்படியும் தேவை.

## சட்டத்தின் பார்வையில்

அசதி காரணமாக வேலையை விடும் நிலை வரும்போது கேள்வி மருத்துவமனையைத் தாண்டிவிடுகிறது. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்புத் துறையின் இயலாமைப் பட்டியலில் லூபஸுக்குத் தனி எண்ணே உண்டு: 14.02. அதில் 'கடும் அசதி' என்பது ஏற்கப்படும் அறிகுறிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், ஒரு சில நோய்களைத் தவிர, நோயின் பெயரைப் பார்ப்பதில்லை. அன்றாடச் செயல்களைக் கணிசமாக, ஓராண்டுக்கு மேல் தடுக்கிறதா என்று கேட்கிறது.

இந்தியாவின் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ், பார்க்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா இருக்கின்றன, லூபஸ் இல்லை. சட்டத்தில் மாற்றுத்திறனாளி என்பவருக்குத் தரப்படும் பொது விளக்கம் விரிவானதுதான். ஆனால் இட ஒதுக்கீடு போன்ற பயன்களுக்குப் பட்டியலில் உள்ள குறைபாட்டில் 40 சதவீதச் சான்று வேண்டும். ஸ்டீராய்டால் இடுப்பு எலும்பு செத்து நடை பாதித்தவர் இயக்கக் குறைபாட்டின் கீழ் விண்ணப்பிக்கலாம். அசதியால் மட்டும் முடங்கியவருக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பட்டியல் மாறும்வரை கையில் இருப்பது மருத்துவரின் கடிதம் ஒன்றுதான். 'இவருக்கு லூபஸ் உள்ளது' என்று மட்டும் எழுதிய கடிதத்தால் மேலாளருக்கு எதுவும் புரியாது. இரவு ஷிஃப்ட் கூடாது, வெயிலில் வெளிவேலை கூடாது, மதியம் அரை மணி நேரம் படுக்க வேண்டும், நோய் கிளம்பும் வாரங்களில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி தேவை என்று செயல்களாகப் பிரித்து எழுதி வாங்க வேண்டும். அதை எழுதித் தருவதற்கு மருத்துவருக்கு அசதியின் அளவு தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது கேள்விப் பட்டியலை நிரப்ப ஐந்து நிமிடம் போதும்.